வெள்ளவத்தையில் ஒரு செயலமர்வு: தொழினுட்ப அறிக்கைக்குச் சுருக்கம் எழுதுதல்

காலி வீதியை அண்டிய வெள்ளவத்தைக் கல்வி நிலையம் ஒன்று தமிழில் நடத்திய ஒருநாள் செயலமர்வில், என் மண் பரிசோதனை அறிக்கையின் சுருக்கத்தோடு கலந்துகொண்டேன். ஒன்றரைப் பக்கம் நீண்ட அச்சுருக்கத்தில் துளையிட்ட முறையும் கருவிகளின் விவரமும் நிறைந்திருந்தனவே தவிர, அத்திவாரத்துக்கு எந்த ஆழம் பொருத்தம் என்ற முடிவு கடைசி வரியில்தான் இருந்தது. வளவாளர் அதை வாசித்துவிட்டு, "பணம் ஒதுக்குபவர் இதை மட்டுமே வாசிப்பார் என்று எண்ணி எழுதுங்கள்" என்றார். நோக்கம், முறை, பெறுபேறு, முடிவு, பரிந்துரை ஆகியவற்றை எண்களோடு சொல்லவேண்டும் என்பதையும், அறிக்கையின் முன்னால் வரும் இப்பகுதியை எல்லாம் முடிந்த பின்னரே எழுதவேண்டும் என்பதையும் எங்கள் பிரதிகளிலேயே திருத்திக் காட்டினார். நீண்ட அறிக்கைகளின் சுருக்கம் 500 சொற்களுக்குள், இயன்றால் ஒரே பக்கத்தில் அமையவேண்டும் என்று சுருக்கங்களுக்கான 1976ஆம் ஆண்டின் சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 214 கூறுவதையும் அங்கேதான் அறிந்தேன்.

"ஆராயப்பட்டுள்ளது" என்று நிறுத்தாமல், ஆராய்ந்து கண்டதை எழுதும் பயிற்சிக்கே இரண்டு மணித்தியாலம் சென்றது. அந்நேரம் முற்றிலும் தகும். கலைச்சொற்களுக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை, மண்டபமும் நெருக்கமானது. ஆயினும் திருத்திய என் சுருக்கம் 180 சொற்களில் நின்றது, அத்திவார ஆழமோ இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிட்டது.