பன்னிரண்டு வாரமும் ஓர் இனிஷியலும்

திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் ஜூனியர் போன வாரம் போனில் கேட்டான். "அண்ணே, பதவி உயர்வு ஃபைலுக்கு ரெஃப்ரெஷர் போகவா, என்பிடெல் எடுக்கவா?"

ரெஃப்ரெஷர் என்றால் கல்லூரி ஆசிரியர்களுக்கான புத்தாக்கப் பயிற்சி; என்பிடெல் என்றால் ஐஐடிகள் நடத்தும் இணையவழிப் பாடங்கள். அதில் நான்கு வருடத்தில் மூன்று பாடம் முடித்தவன் நான். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018 விதியில் மூக் எனப்படும் இந்த மாதிரி இணையப் படிப்புக்கும் இடம் உண்டு என்பது அவனுக்கே தெரியும். தெரியாததைச் சொல்கிறேன்.

முதலில் நல்லது. நான் தாவரவியல்காரன். மண் அறிவியலில் 12 வாரப் பாடம் எடுத்தேன். வாரா வாரம் அசைன்மென்ட். பன்னிரண்டில் சிறந்த எட்டை எடுத்து 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. கதிர் அறுப்பு, காதுகுத்து என்று நாலு வாரம் கோட்டை விட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். எங்கள் வயல் கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். தண்ணீர் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் ஸ்மெக்டைட் களிமண் செய்யும் வேலை அது என்று இந்த வயதில்தான் புரிந்தது. மறுநாளே ஒரு வெடிப்புக் கட்டியை வகுப்புக்குத் தூக்கிப் போனேன். எந்த ஐந்து நாள் ஆன்லைன் எஃப்டிபியும் (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) என்னை இப்படிக் கிளப்பியதில்லை. அங்கே கேமராவை அணைத்துவிட்டு விடைத்தாள் திருத்தியதுதான் மிச்சம்.

தேர்வு அக்டோபர் கடைசியில். அடைமழையில் கும்பகோணத்திலிருந்து முதல் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போனால், வாசலில் என் மாணவன். "சார், நீங்க இன்விஜிலேட்டரா?" இல்லப்பா, பக்கத்து சீட். அவனுக்கு 71, சான்றிதழில் எலைட் என்ற தனித் தகுதி. எனக்கு 58. எலைட்டுக்கு 60 வேண்டும். சரி, விடுங்கள்.

இப்போது என் வயிற்றெரிச்சல். தேர்வுக்குப் பதியும்போது பெயரை எப்படி அடிக்கிறோமோ அப்படியே சான்றிதழில் அச்சாகும். கடைசிப் பெயர் கேட்ட இடத்தில் அப்பா பெயரை முழுசாக அடித்துவிட்டேன். எஸ்எஸ்எல்சி புத்தகத்திலோ பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. ஆபீஸில் ஃபைல் திரும்பியது: "இது யாருங்க சார்?" பதினைந்து வருடமாக அந்த ஆபீஸில்தான் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறேன். கடைசியில் கோர்ட் வாசலில் நோட்டரியைப் பிடித்து, சான்றிதழில் இருப்பவரும் நானும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். தேர்வுக் கட்டணம் ஆயிரம் ரூபாய் என்றால், நான்தான் நான் என்று நிரூபிக்க அரை நாள் லீவு. அடித்தது என் விரல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குடும்பப் பெயரே இல்லாத ஊரில் கடைசிப் பெயர் கேட்டால் மனுஷன் என்ன செய்வான்? இரண்டாவது பாடத்திலும் பழைய பதிவிலிருந்த பெயரைக் கவனிக்காமல் விட்டேன். மறுபடி அதே நோட்டரி. "வாங்க சார், இந்தத் தடவை யாரு?" என்றார்.

ஆகவே தம்பி, பேசாமல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழக மையத்தில் ரெஃப்ரெஷர் இருந்தால் போட்டுவிடு. மண்ணைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் எங்கள் வயலுக்கு வா.

நான் நேற்று ஜனவரி பாடத்துக்குப் பெயர் பதிந்துவிட்டேன். பதியும் முன் எஸ்எஸ்எல்சி புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டேன்.