விஏசியா, ஐவிஏவா: குழந்தைகளின் மென்திசுப் புற்றுநோய்க்கான இரு மருந்துத் திட்டங்கள் – ஒரு மதிப்பீடு

குழந்தைகளைத் தாக்கும் மென்திசுப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதி ராப்டோமயோசார்கோமா என்னும் வகையைச் சேர்ந்தவை. கண்குழி, மூக்கின் உட்புறம், சிறுநீர்ப்பை, கை கால் என உடலின் எந்த இடத்திலும் தோன்றக்கூடிய இந்நோய், அமெரிக்கா போன்ற பெரிய நாட்டிலேயே ஆண்டுக்குச் சுமார் 350 பேருக்குத்தான் வருகிறது. எந்தத் தனி மருத்துவமனையாலும் தன் நோயாளிகளை மட்டும் வைத்து எது சிறந்த மருந்து என்று சொல்லிவிட முடியாது என்பதால், 1972இல் அமெரிக்காவில் இதற்கெனவே ஒரு கூட்டு ஆய்வுக்குழு தொடங்கப்பட்டது. ஐரோப்பாவிலும் அத்தகைய குழுக்கள் பின்னர் உருவாயின. அமெரிக்கக் குழு விஏசி என்ற மருந்துத் திட்டத்தையும், ஐரோப்பியக் குழு ஐவிஏ என்ற திட்டத்தையும் பல பத்தாண்டுகளாகத் தத்தம் அடிப்படையாகக் கொண்டிருக்கின்றன. ஒரே நோய்க்கான இவ்விரண்டையும், எத்தனை குழந்தைகள் பிழைக்கிறார்கள், பிழைத்தவர்களின் உடலில் என்ன குறை தங்கிவிடுகிறது ஆகிய இரண்டு அளவுகோல்களால் இங்கே எடைபோட்டிருக்கிறேன்.

பெயர்கள் வேறாகத் தெரிந்தாலும் உள்ளடக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஒன்றுதான். வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின் ஆகிய இரண்டும் இரு திட்டங்களிலும் உண்டு. மூன்றாவது மருந்து விஏசியில் சைக்ளோபாஸ்பமைடு, ஐவிஏயில் ஐபாஸ்பமைடு. வேதியியலில் இவை உடன்பிறந்தவை. குடும்பத்தின் அன்றாடத்தில் வேறுபாடு தெரிவது இந்த மூன்றாவது மருந்தை ஏற்றும் முறையில்தான். சைக்ளோபாஸ்பமைடை ஒரே நாளில் ஏற்றி முடித்துவிடலாம். ஐபாஸ்பமைடை, ஐரோப்பியக் குழு தன் 2005 ஆய்வில் கையாண்ட முறைப்படி, ஒரு சுற்றில் இரண்டு நாள், உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 3 கிராம் வீதம், சிறுநீர்ப்பையைக் காக்கும் மெஸ்னாவோடும் தொடர்ச்சியான திரவத்தோடும் ஏற்ற வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் இராத்தங்குவது, வேலைக்குப் போகும் பெற்றோருக்கும் வீட்டில் இன்னொரு குழந்தை உள்ளவர்களுக்கும் சிறிய விஷயமல்ல.

எது கூடுதலாகக் காப்பாற்றுகிறது என்ற கேள்வியை அமெரிக்கக் குழுவே 1991இல் தொடங்கிய தன் நான்காம் ஆய்வில் நேரடியாகச் சோதித்தது. நோய் பிற உறுப்புகளுக்குப் பரவாத குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு விஏசியும், இன்னொரு பிரிவினருக்கு அதில் சைக்ளோபாஸ்பமைடுக்குப் பதில் ஐபாஸ்பமைடு சேர்த்த கலவையும், மூன்றாம் பிரிவினருக்கு வின்கிரிஸ்டின், ஐபாஸ்பமைடு, எட்டோபோசைடு ஆகியவையும் கொடுத்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் சிகிச்சை தோல்வியடையாமல் இருந்தவர்கள் முறையே 75, 77, 77 விழுக்காடு. இந்த இரண்டு புள்ளி இடைவெளியை வெற்றியென்று யாரும் கொண்டாட முடியாது. ஆகவே, 'எங்கள் திட்டமே மேல்' என்று இரு கரைகளிலும் யாரேனும் சொன்னால், அது பழக்கத்தின் குரல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் அளவுகோல் சமநிலை காட்டுவதால் இரண்டாவதுதான் தீர்மானிக்கிறது. ஐபாஸ்பமைடு சிறுநீரகத்தின் நுண்குழாய்களைக் கெடுக்கக்கூடியது. உடலில் தங்க வேண்டிய பாஸ்பேட்டும் பைகார்பனேட்டும் சிறுநீரில் கழிந்து, புற்றுநோயிலிருந்து மீண்ட குழந்தைக்கு எலும்பு வளைந்து வளர்ச்சி குன்றும் நிலை வரலாம். மூன்று வயதுக்குக் குறைந்தவர்களிடமும், மொத்த அளவு சதுர மீட்டருக்கு 60 கிராமைத் தாண்டும்போதும் இந்த ஆபத்து கூடுகிறது. ஐரோப்பியத் திட்டத்தின் ஒன்பது சுற்றுகளைக் கூட்டினால் 54 கிராம் வருகிறது. அந்த எல்லைக்குச் சற்றே உள்ளே நிற்கும் கணக்கு. சைக்ளோபாஸ்பமைடு சிறுநீரகத்தை அந்த அளவுக்குத் தொடுவதில்லை, ஆனால் விந்தணுவையும் கருமுட்டையையும் அழிக்கிறது. பருவமெய்திய பையனுக்கு விஏசி தொடங்குமுன் விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றிப் பேசாத சேவையை முழுமையான சேவை என்று நான் ஒப்பமாட்டேன். நம் குடும்பங்களில் அந்தப் பேச்சு கூச்சத்தில் அமுங்கிப்போவதால், மருத்துவக் குழுவே முதலில் எடுக்க வேண்டும். வின்கிரிஸ்டினால் கால் தொய்வதும் மலம் இறுகுவதும், ஆக்டினோமைசினால் கைக்குழந்தைகளின் ஈரல் பாதிக்கப்படுவதும் இரண்டு திட்டங்களுக்கும் பொதுவான குறைகள்.

இத்திட்டங்களை மேம்படுத்தப் புதிய மருந்துகளைச் சேர்த்துப் பார்த்த முயற்சிகளின் வரலாறு ஏமாற்றமானது. அமெரிக்கர்கள் டோபோடெக்கானைச் சேர்த்தார்கள், பயனில்லை. ஐரோப்பியர்கள் ஐவிஏயோடு டாக்ஸோரூபிசினைச் சேர்த்தார்கள். நச்சு கூடியது. மூன்றாண்டு முடிவில் நோய் திரும்பாமலும் முற்றாமலும் உயிருடன் இருந்தவர்கள், சேர்த்தோரில் 67.5, சேர்க்காதோரில் 63.3 விழுக்காடு; இந்த வேறுபாடு புள்ளியியல் சோதனையில் நிற்கவில்லை. விஏசியின் சுற்றுகளில் பாதியை இரினோடெக்கான் சுற்றுகளாக மாற்றிய அமெரிக்க ஆய்வும் குணமாகும் வீதத்தை உயர்த்தவில்லை. ஆனால் அதில் ஒரு மறைமுக ஆதாயம் இருந்தது: சைக்ளோபாஸ்பமைடின் மொத்த அளவு சதுர மீட்டருக்கு 16.8 கிராமிலிருந்து 8.4 ஆகக் குறைந்தும் முடிவு ஏறத்தாழ அதே இடத்தில் நின்றது, இரத்த அணுக்களின் வீழ்ச்சியும் குறைந்தது. மலட்டுத்தன்மையை அஞ்சும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு அதற்கான விலை.

அளவைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. நோய் திரும்பும் அபாயம் குறைந்த குழந்தைகளுக்கு நான்கு சுற்று மட்டும் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்து, 22 வாரத்தில் சிகிச்சையை முடித்த அமெரிக்க ஆய்வில் மூன்றாண்டு முடிவில் 98 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். நான் படித்த முடிவுகளில் மிகவும் மகிழ்ச்சி தந்தது இது. அதே குறைந்த அளவை, கட்டி முழுமையாக அகற்றப்படாத அடுத்த பிரிவினரிடம் முயன்றபோது, சிகிச்சை தோல்வியடையாமல் இருந்தவர்கள் 70 விழுக்காடுதான். அவர்களுள்ளும் கதிர்வீச்சைத் தவிர்த்த சிறுமியரின் பிறப்புறுப்புக் கட்டிகள் அதிகம் திரும்பின.

அமெரிக்க, ஐரோப்பிய அணுகுமுறைகளுக்கிடையிலான உண்மையான பிரிவு, என் பார்வையில், மருந்தைவிட இந்தக் கதிர்வீச்சில்தான் இருந்தது. வளரும் குழந்தையின் முகமும் எலும்பும் கதிர்வீச்சால் குறைபடும் என்பதால், கீமோவுக்குக் கட்டி நன்கு கரைந்தால் அதைத் தவிர்த்துவிட்டு, நோய் திரும்பினால் அப்போது கொடுக்கலாம் என்று ஐரோப்பியர்கள் முன்பு எண்ணினர். விளைவாக நோய் திரும்புவது அங்கே கூடுதலாக இருந்தது; மீண்டவர்களில் ஒரு பகுதியினர் கதிர்வீச்சே இல்லாமல் வளர்ந்தார்கள் என்பதும் உண்மை. இன்று இரு தரப்பும் நெருங்கி வந்துவிட்டன. நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்று அஞ்சிப் பேசப்படும் இச்சிகிச்சையைத் தள்ளிப்போட விரும்பும் பெற்றோர், எந்த மருந்துத் திட்டம் என்று கேட்பதைவிட அதை எப்போது, எவ்வளவு கொடுக்கப்போகிறீர்கள் என்று கேட்பது பயன் தரும்.

பல ஆண்டுகளில் தெளிவான முன்னேற்றம் என்று நான் மதிப்பது ஐரோப்பியரின் பராமரிப்புச் சிகிச்சையை. அபாயம் கூடிய குழந்தைகளில், வழக்கமான சிகிச்சைக்குப் பின் நோயின் சுவடு தெரியாத 371 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு அத்துடன் நிறுத்தினார்கள். மறுபாதியினருக்கு மேலும் ஆறு மாதம், வினோரெல்பின் ஊசியையும் நாள்தோறும் வாய்வழியாகக் குறைந்த அளவு சைக்ளோபாஸ்பமைடையும் கொடுத்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி ஐந்தாண்டுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள், நிறுத்தியோரில் 73.7 விழுக்காடு, தொடர்ந்தோரில் 86.5 விழுக்காடு. நோய் திரும்பாமை பற்றிய கணக்கு மட்டும் பார்த்தால் இடைவெளி குறைவு, புள்ளியியல் உறுதியும் ஐயத்துக்கு இடமானது. ஆயினும், பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே எடுத்துக்கொள்ளும், பழைய, விலை அதிகமில்லாத மருந்துகள் இந்த வேறுபாட்டைத் தந்தன என்பது வியப்புக்குரியது. அமெரிக்கக் குழுவும் தன் அடுத்த ஆய்வில் இதைச் சேர்த்துக்கொண்டது.

ராப்டோமயோசார்கோமா அல்லாத பிற மென்திசுக் கட்டிகளுக்கு இவ்வொப்பீடு பொருந்தாது. அவற்றில் அறுவையே முதன்மை, கீமோ தேவைப்படும்போது ஐபாஸ்பமைடும் டாக்ஸோரூபிசினும் சேர்ந்தே வருகின்றன. கைக்குழந்தைகளுக்கு வரும் பைப்ரோசார்கோமாவில் குறிப்பிட்ட மரபணு இணைவு இருந்தால், 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லாரோடிரெக்டினிப் என்ற வாய்வழி மருந்து கட்டியைச் சுருக்குகிறது.

எனக்குத் தேர்வு செய்யும் உரிமை இருந்தால், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் ஏற்கெனவே சிறுநீரகக் குறை உள்ள குழந்தைக்கும் விஏசியின் பக்கமும், பருவமெய்திய பையனுக்கு ஐவிஏ அல்லது இரினோடெக்கான் கலந்த திட்டத்தின் பக்கமும் சாய்வேன். அபாயம் கூடிய குழந்தையென்றால் எந்தத் திட்டத்துக்குப் பின்னும் பராமரிப்பு ஆறு மாதத்தைக் கேட்டு வாங்குவேன். அந்த ஆறு மாதம் போதுமா, ஓராண்டாக நீட்டினால் இன்னும் நன்மை உண்டா என்பதை, பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் பொறுப்பேற்று நடத்தும் பன்னாட்டு ஆய்வு இப்போது சோதித்து வருகிறது.