பிராடி வீடு: சட்டத்தின் காவலா, உரிமையாளரின் பிரியமா?

லாஸ் ஏஞ்சலஸின் ஸ்டுடியோ சிட்டியில் 1959இல் கட்டிய வீடு அது. 1969 முதல் 1974 வரை ஓடிய 'த பிராடி பன்ச்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் அதன் வெளித்தோற்றம் மட்டும்தான் வந்தது. உள்காட்சிகள் எல்லாம் ஸ்டுடியோ செட்.

இப்படியொரு வீட்டைக் காப்பாற்ற, நல்ல உரிமையாளர் கையில் விட்டுவிடலாம் என்பது ஒரு வழி. 2018இல் வீட்டுச் சீரமைப்பு நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் எச்ஜிடிவி சேனல் 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியதால்தான் இடிபடும் பயம் நீங்கியது. ஆனால் தொடரின் செட்டை உள்ளே அப்படியே எழுப்பியதில் பழைய அறைகள் போய்விட்டன. பின்புறம் ஒரு மாடியும் முளைத்தது. 2023இல் வீடு மறுபடி கைமாறியது. ஒவ்வொரு முறையும் ரசிகரே வாங்குவார் என்று எப்படி நம்புவது?

நகரின் வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி இன்னொரு வழி. அதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல. இடிப்பை 180 நாள் நிறுத்திவைக்கலாம், நகர மன்றம் மேலும் 180 நாள் நீட்டிக்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் அந்த அவகாசத்தில் பேசிப் பார்க்கலாம், வேறு ஆள் தேடலாம். பழைய கட்டடத்தைப் பேணும் உரிமையாளருக்கு வரிச்சலுகை தரும் கலிஃபோர்னியாவின் மில்ஸ் சட்டப்படி ஒப்பந்தம் கிடைத்தால் சொத்துவரியும் குறையும். என் ஓட்டு இதற்கே.

வாசலில் படமெடுக்க வரும் கூட்டத்தை இரண்டுமே குறைக்காது. அந்தத் தெருக்காரர்களையும் கலந்து பேசியாக வேண்டும்.