பரிசு கட்ட ஒரு ஃபுரோஷிகி வாங்குவதென்றால்

பரிசு கட்டுவதற்கென்று ஒரே ஒரு ஃபுரோஷிகி, அதாவது பொருளைச் சுற்றிக் கட்டும் ஜப்பானியச் சதுரத் துணி, வாங்கப் போகிறீர்கள் என்றால், 70 செ.மீ. அளவுள்ள பருத்தித் துணியை, அதிலும் ஷந்துங் நெசவை வாங்குங்கள். பட்டு, பாலியெஸ்டர், தண்ணீர் ஒட்டாத துணி எல்லாவற்றுக்கும் தனித்தனி உபயோகம் உண்டு. ஆனால் முடிச்சுப் பழகாத கைக்கு இந்த அளவுக்கு இணங்கி வரும் துணி வேறில்லை. கியோத்தோவில் 1937-இல் தொடங்கிய யமதா செனி நிறுவனம் 'முசுபி' என்ற பெயரில் விற்கும் வரிசையையும், அதே அளவுகளில் ஜப்பானில் பரவலாகக் கிடைக்கும் மற்ற துணிகளையும் மனதில் வைத்து இதைச் சொல்கிறேன்.

ஷந்துங்கில் ஊடை நூல், அதாவது குறுக்கே ஓடும் நூல், ஒரே சீராக இருக்காது. இடையிடையே தடித்த திரள்கள் வரும், விரலால் தடவினால் லேசாகச் சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்புதான் முடிச்சைப் பிடித்து நிறுத்துகிறது. வழவழப்பான சாட்டினில் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், பெட்டியைத் தூக்கி நாலு எட்டு நடப்பதற்குள் முடிச்சு நழுவ ஆரம்பிக்கும். உறையிலிருந்து எடுத்த புதுப் பருத்தி விறைப்பாக இருக்கும். அப்படியே கட்டினால் முடிச்சு பருத்துப்போய் நுனிகள் இரண்டும் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு தடவை குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலசி, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் இஸ்திரி போட்டுவிட்டால் துணி இளகிவிடும். கருநீலமும் அடர்சிவப்பும் முதல் அலசலில் சாயம் விடும். அலசாத துணியை வெள்ளைப் பெட்டிமேல் கட்டி மழையில் எடுத்துப்போனால் பெட்டியின் ஓரமெல்லாம் கறையாகும்.

அளவுதான் பலர் கோட்டைவிடும் இடம். கடைகளில் 45, 70, 90, 105, 128 என்று வித்தியாசமான எண்கள் இருக்கும். கிமோனோவுக்கு நெய்யும் துணிச்சுருளின் அகலம் சுமார் 35 செ.மீ. அப்படி இரண்டு அகலம் சேர்ந்தால் 70, மூன்று சேர்ந்தால் 105. அந்தப் பழைய கணக்கே இன்றும் ஓடுகிறது. '70' என்று கேட்டு 68 வந்தால் குறை சொல்ல வேண்டாம், இரண்டும் ஒரே வகுப்பு.

எந்தப் பெட்டிக்கு எந்தத் துணி என்று கண்டுபிடிக்க 'பொருள் துணியின் மூலைவிட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும்' என்று பொதுவாகச் சொல்வார்கள். தட்டையான பெட்டிக்கு அது சரி, உயரமான பெட்டிக்கு உதவாது. இன்னும் துல்லியமான கணக்கு இது: பெட்டியின் நீளத்தையும் உயரத்தையும் கூட்டி, அதோடு முடிச்சுக்கு 15 செ.மீ. சேருங்கள். அந்தத் தொகை துணியின் மூலைவிட்டத்தில் பாதிக்குள் அடங்க வேண்டும். 70 செ.மீ. துணியின் மூலைவிட்டம் 99, பாதி 49.5. ஆகவே நீளமும் உயரமும் சேர்ந்து 34 வரை போகலாம்; 24 செ.மீ. நீளம், 8 செ.மீ. உயரமுள்ள இனிப்புப் பெட்டி வசதியாக அடங்கும். 90 செ.மீ. துணிக்கு அந்த வரம்பு 48, சட்டைப் பெட்டிக்குப் போதும். 105-க்கு 59. பரிசுத் தொகுப்புகளில் அதிகம் தென்படும் 45 செ.மீ. துணிக்கு வரம்பு வெறும் 17. மதிய உணவு டப்பாவுக்குக் குட்டை நுனியோடு சமாளிக்கலாம், பரிசுப் பெட்டிக்கு அது கட்டாது. விலை குறைவு என்று அதில் தொடங்குகிறவர்கள்தான் 'நமக்கு இது வரவில்லை' என்று ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். குறை கையில் இல்லை, துணி சின்னது, அவ்வளவுதான்.

வந்த துணியை மூலையோடு மூலை சேர்த்து மடித்தால் இரண்டு மூன்று செ.மீ. பொருந்தாமல் இருக்கும். அதுவும் குறையல்ல. சரியான ஃபுரோஷிகி கச்சிதமான சதுரமாக இருப்பதில்லை, ஒரு பக்கம் சற்று நீளமாகவே வெட்டுவார்கள். இடமும் வலமும் தறியின் சொந்தக் கரை, மேலும் கீழும் மட்டும் மெல்லிசாக மடித்துத் தைத்திருக்கும். நான்கு பக்கமும் ஓவர்லாக் அடித்த துணி என்றால் யோசியுங்கள். மூலையில் தையல் திரண்டு தடித்திருக்கும், முடிச்சின் நுனியாக வெளியே தெரியப்போவது அந்த மூலைதான்.

இனி கட்டும் முறை. அதிகம் பயன்படும் ஓத்சுகாய் சுத்சுமி என்ற கட்டுக்கு, துணியின் உள்பக்கம் மேலே தெரியுமாறு, ஒரு மூலை உங்களைப் பார்க்க விரியுங்கள். பெட்டியின் நீளம் இடவலமாக இருக்கும்படி நடுவில் வையுங்கள். உங்கள் பக்கத்து மூலையைப் பெட்டிமேல் போர்த்தி, மிச்ச நுனியை மடக்கிச் செருகுங்கள். எதிர்ப்பக்க மூலையை அதன்மேல் கொண்டுவந்து, தொங்கும் மிச்சத்தையும் உள்ளே மடக்குங்கள். துணியில் ஒரே மூலையில் மட்டும் பூவேலை இருந்தால், அந்த மூலை இந்த இரண்டாவது மடிப்பாக வர வேண்டும். தொடக்கத்திலேயே திருப்பி வைக்காவிட்டால் அழகான பாகம் அடியில் போய்விடும். இப்போது இடது, வலது மூலைகளை மேலே இழுத்து, பக்கவாட்டுச் சுருக்கங்களை விரலால் நீவிச் சீராக்கி, நடுவில் முடிச்சுப் போடுங்கள்.

அந்த முடிச்சு மா முசுபி. இடது நுனியை வலது நுனியின் மேலாகப் போட்டு, அடியால் கொண்டுவந்து இழுத்தால் முதல் முடிச்சு விழும். மேலே போன அதே நுனி இப்போது வலப்பக்கம் நிற்கும். இரண்டாம் முறையும் அதுவே மேலே போக வேண்டும். வலமிருந்து இடமாக மற்றதன் மேல் போட்டு, அடியால் கொண்டுவந்து இழுங்கள். நுனிகள் இரண்டும் முடிச்சோடு ஒரே கோட்டில் படுத்திருந்தால் சரி. ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நிமிர்ந்து நின்றால் அது தாதே முசுபி, பாரம் ஏறியதும் அவிழ்ந்துவிடும். கடைகளில் பார்க்கும் அலங்காரக் கட்டுகளில்கூட இந்தத் தவறு கண்ணில் படுகிறது. சரியாக விழுந்த மா முசுபி பாரம் கூடக் கூட இறுகும், ஆனால் அவிழ்ப்பது சுலபம். ஒரு நுனியை ஒரு கையிலும், அதே பக்கத்து அடித்துணியை மறு கையிலும் பிடித்து எதிரெதிராக வெடுக்கென்று இழுங்கள். அந்த நுனி நேர்க்கோடாகிவிடும், மற்றது அதைச் சுற்றிய வளையமாக மாறும். வளையத்தைப் பிடித்து உருவினால் போதும். நகத்தால் நோண்டவே வேண்டாம்.

750 மி.லி. ஒயின் புட்டியும் இதே 70 துணியில் கட்டலாம், கணக்கு அங்கே இழுபறியாக நிற்கும். புட்டியின் உயரம் சுமார் 30, அடியின் ஆரம் 4-க்குச் சற்றுக் குறைவு. 49.5-இல் இவை போனால் மிஞ்சுவது 16 செ.மீ. நடுவில் நிறுத்தி எதிரெதிர் மூலைகள் இரண்டை வாய்க்கு மேலே இறுக்கமாகக் கட்டி, மீதி இரண்டு மூலைகளைப் பின்னால் மாற்றிக் குறுக்கே கொண்டுபோய் முன்பக்கம் மா முசுபி போட வேண்டும். மேல் நுனிகளை முறுக்கி முனையில் கட்டினால் கைப்பிடி. ஷாம்பெயின் புட்டி இன்னும் உயரம், அடியும் அகலம். அதற்கு 70-இல் கைப்பிடி கிடைக்காது, 90 எடுங்கள். முதல் கட்டு புட்டியின் கழுத்தோடு ஒட்டி விழாவிட்டால் தூக்கும்போது புட்டி அடியில் ஆடும், பின்னால் எவ்வளவு இறுக்கினாலும் அது தீராது.

முறுக்கிய நுனியில் இன்னொரு சங்கதி வெளிப்படும்: துணியின் மறுபக்கம். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த பருத்தியில் வெளிறிய அடிப்பக்கம் முடிச்சிலும் கைப்பிடியிலும் திட்டுத்திட்டாகத் தெரியும். புட்டி கட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இருபுறமும் வேறு வேறு நிறம் சாயமேற்றிய துணிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் தப்பில்லை. அச்சுத்தாள் சாயமுறைக் கலைஞர் இசா தொஷிஹிகோவின் வடிவங்களைக் கொண்ட முசுபியின் இருபுறத் துணிகள் இதற்கு மிக நல்ல உதாரணம். எதிர்ப்பக்க மூலையைப் பாதியில் வெளிப்புறமாக மடித்துவிட்டால் இரண்டாம் நிறம் ஒரு பட்டையாக விழும். இந்த விலையில் அதைவிட அழகான கட்டு கிடைப்பது சிரமம்.

சிரிமென் என்ற சுருக்க நெசவுத் துணி வேறு உலகம். பட்டுச் சிரிமெனில் ஊடை நூலை ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிர்த் திசையில் கடுமையாக முறுக்கி நெய்வார்கள். பிறகு பட்டின் பசையை நீக்கும்போது நூல் சுருங்கி மேற்பரப்பெல்லாம் நுண்ணிய மேடுபள்ளம் எழும். கியோத்தோவுக்கு வடக்கே தாங்கோ பகுதி இதற்குப் பேர்போனது. அங்கே 1720-இலிருந்து நெய்கிறார்கள். முடிச்சு சின்னதாக, மென்மையாக, நழுவாமல் அமரும், 10 செ.மீ. நுனி இருந்தாலே போதும். ஆனால் தண்ணீர் பட்டால் முறுக்கு நூல் மீண்டும் சுருங்கித் துணி கோணிக்கொள்ளும். உலர்சலவைதான் வழி. ரேயான் சிரிமெனுக்கும் இதே பலவீனம் உண்டு, அதை விற்கிறவர்கள் எப்போதும் சொல்வதில்லை. பாலியெஸ்டர் சிரிமென் சுருங்காது, கசங்காது, சாயம் விடாது. கையில் பட்டின் கனம் இல்லை என்பதைத் தவிர குறை சொல்ல முடியாது. அடிக்கடி கட்டி அவிழ்ப்பவர்களுக்கு இரண்டாவது துணியாக இதையே சொல்வேன்.

தண்ணீர் ஒட்டாத துணியில் குன்மா மாநிலம் கிர்யூவில் உள்ள அசாகுரா செம்பு நிறுவனத்தின் 'நகரே' பெயர் பெற்றது. அதில் தண்ணீரையே மொண்டு தூக்கலாம், அழுத்திப் பிழிந்தால் பூவாளிபோல் சிந்தும். மழையில் பையை மூட, ஈர உடை சுருட்ட அருமை. பரிசுக்கு அவசியமில்லை. வாங்கினால் துவைக்கும்போது மென்மையூட்டி சேர்க்காதீர்கள், அது படிந்தால் நீர் விலக்கும் குணம் குன்றும்.

ஜப்பானியருக்குப் பரிசு கொண்டுபோகிறவர்கள் முறையையும் கவனிக்க வேண்டும். சம்பிரதாயமான இடத்தில் முடிச்சே போடுவதில்லை. ஹிரா சுத்சுமி என்ற தட்டைக் கட்டுதான் அங்கே மரியாதை: உங்கள் பக்க மூலை, இடது, வலது, கடைசியாக எதிர்ப்பக்கம் என்ற வரிசையில் மடித்து, மிஞ்சும் நுனியை அடியில் தள்ளுவார்கள். துக்க வீட்டுக்கு இடதும் வலதும் வரிசை மாறும். மங்கலத்துக்குரிய வரிசையில் கட்டி இழவு வீட்டுக்குக் கொண்டுபோவது கண்ணில் உறுத்தும் பிழை. நன்மைக்கும் துக்கத்துக்கும் பொதுவானது ஊதா நிறம், ஆகவே ஒன்றே வாங்குகிறவர்களுக்கு அது தோது. கொடுக்கும்போது கட்டோடு நீட்டாமல், அவர்கள் முன்னால் அவிழ்த்து, பொருளை அவர்களைப் பார்க்கத் திருப்பிக் கொடுத்து, துணியை மடித்துத் திரும்ப எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். இன்று துணியையும் சேர்த்தே கொடுப்பது சகஜமாகிவிட்டது. அப்படிக் கொடுப்பதாக இருந்தால் 'துணியும் உங்களுக்குத்தான்' என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் துவைத்து, மடித்து, கூடவே ஏதாவது இனிப்பும் வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.