வத்தல்மலை ஏற்றத்துக்கு எந்த கியர் செட்? டூர்னி முதல் 105 வரை ஒரு ஒப்பீடு

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ரோடு பைக் வாங்குகிறவர்கள் ஷிமானோ நிறுவனத்தின் கியர் செட்களைப் பற்றிக் கடையில் முதலில் கேட்பது, "கிளாரிஸ் போதுமா, 105 வேணுமா?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்கு எத்தனை பல்?

முன்னால் 50-34 கிராங்க் (50, 34 பல் உள்ள இரண்டு பல்சக்கரங்கள்), செயின் அதில் சின்னதில், பின்னால் 28 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு சுமார் 9 கிலோமீட்டர் போகும். பின்னால் 34 பல் இருந்தால் அதே மிதிக்கு ஏழரைதான். தர்மபுரி அருகே உள்ள வத்தல்மலையின் வளைவுகளிலும், ஒகேனக்கல்லில் இருந்து பென்னாகரம் திரும்பும் ஏற்றத்திலும் மணிக்கு 9 கிலோமீட்டரைத் தக்கவைக்க முடியாதவருக்கு 28 பல் இருந்தால் முட்டிதான் வலிக்கும். 28 பல் போட்ட 105-ஐ விட 34 பல் போட்ட கிளாரிஸ் இந்த மலைகளுக்கு நல்ல வண்டி. இதில் சந்தேகமே வேண்டாம்.

ஷிமானோ ரோடு வரிசையில் டூர்னி 7 ஸ்பீடு (பின்னால் ஏழு பல்சக்கரங்கள்), கிளாரிஸ் 8, சோரா 9, டியாக்ரா 10. 105-இல் ஆர்7000 என்றால் 11, ஆர்7100 என்றால் 12. அதற்கு மேல் அல்டெக்ரா, டியூரா-ஏஸ்.

டூர்னியைத் தவிர்த்துவிடுங்கள். பின்னால் சின்னப் பல்சக்கரத்துக்கு (சுருக்கமாகச் சின்னப் பல்) மாற்ற, பிரேக் பிடியின் உள்பக்கம் இருக்கும் கட்டைவிரல் பொத்தானை அழுத்த வேண்டும். கைகளைக் கீழ் வளைவில் வைத்து இறங்கும்போது விரல் அங்கே எட்டாது. இன்னொரு குறை, இதோடு பெரும்பாலும் மரையில் முறுக்கி மாட்டும் பல்சக்கரக் கொத்தான ஃப்ரீவீல்தான் வருகிறது. அதில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் நீண்ட பகுதி தாங்கலின்றி நிற்கும். கனமான ஆள் பள்ளத்தில் இறக்கினால் அச்சு வளையும், சில நேரம் ஒடியும். கொத்தை நழுவவிட்டு மாட்டும் கேசட் வகை ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) பேரிங் ஓரத்திலேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

கிளாரிஸ் ஆர்2000-இல் இருந்துதான் ரோடு ஷிஃப்டர் (கியர் மாற்றும் பிடி) என்று சொல்லத் தகுந்தது தொடங்குகிறது. பிரேக் பிடியை உள்பக்கம் தள்ளினால் பெரிய பல், அதன் பின்னால் இருக்கும் சின்னப் பிடியைத் தள்ளினால் சின்னப் பல். கேபிள்கள் ஹேண்டில்பார் டேப்புக்குள்ளேயே ஓடுகின்றன. இதன் பெரிய பலம் பல்சக்கர இடைவெளி. 8 ஸ்பீடில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்த பல்சக்கரத்துக்கும் 4.8 மில்லிமீட்டர், 9-இல் 4.35, 10-இல் 3.95, 11-இல் ஏறக்குறைய 3.7. கிரானைட் லாரிகள் ஓடும் கிருஷ்ணகிரி சாலைகளில் கேபிள் உறைக்குள் மாவு போல் தூசி இறங்கி கேபிள் கொஞ்சம் இழுபட்டாலும் 8 ஸ்பீடு பொறுத்துக்கொள்ளும். பஸ்ஸில் ஏற்றும்போது ஹேங்கர் (செயினைப் பல் மாற்றும் டீரெய்லரைத் தாங்கும் துண்டு) லேசாக வளைந்தாலும் வீடு வந்து சேரலாம். 11 ஸ்பீடு அதே வளைவுக்கு நடுப் பல்லில் கரகரவென்று சத்தம் போடும், தானாகத் தாவும்.

கேசட் தேர்வில் மட்டும் கவனம். 8 ஸ்பீடு 11-34 கேசட்டில் (சின்னது 11 பல், பெரியது 34) கடைசி இரண்டு பல்சக்கரங்கள் 26, 34. ஏற்றத்தின் நடுவே அந்தத் தாவலில் கால் காற்றில் சுற்றுவது போல இருக்கும். 11-32 கேசட் 24, 28, 32 என்று படிப்படியாக ஏறும். தட்டையான சாலை குறைவாகவும் மலை அதிகமாகவும் ஓட்டுபவருக்கு இதுவே மேல்.

சோராவில் 9 ஸ்பீடு என்பதால் இடையில் ஒரு படி கூடுகிறது. பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் ஏற்ற இறக்கச் சாலையில் அந்தப் படி பயன்படும். கிளாரிஸுக்கும் சோராவுக்கும் கேபிள் இழுவை (ஒரு கியருக்குப் பிடி இழுக்கும் கேபிளின் அளவு) ஒன்றுதான். ஆகவே சோரா டீரெய்லர் உடைந்தால் கிளாரிஸ் டீரெய்லரைப் போட்டு ஓட்டலாம். விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் சோரா, பெரிதாக இருந்தால் கிளாரிஸ். டயருக்கும் பிரேக் கட்டைக்கும் அந்தப் பணம் போகட்டும்.

டியாக்ரா 4700 கைக்கே வித்தியாசம் தெரியும் நிலை. பிடியின் அசைவு குறைவு, முன் டீரெய்லர் பெரிய பல்லுக்கு ஏற அழுத்தமும் குறைவு. 10 ஸ்பீடு 11-34 கேசட் 23, 26, 30, 34 என்று முடிகிறது, மலைக்கு அருமை. ஆனால் இதன் கேபிள் இழுவை பழைய 10 ஸ்பீடோடும் சோராவோடும் ஒத்துப்போகாது. "10 ஸ்பீடுதானே, எதுவா இருந்தா என்ன?" என்று பழைய டீரெய்லரை மாட்டினால் எத்தனை திருகினாலும் கியர் நிற்காது.

டியாக்ரா 4700-க்கும் 11 ஸ்பீடு 105-க்கும் பொதுவான ஒரு பலவீனம் உண்டு. கேபிள் பிடிக்குள்ளேயே கூர்மையாக வளைந்து போவதால், கேபிளின் தலைக்கு (முனையில் இருக்கும் உலோகக் குமிழ்) பக்கத்தில் இழை இழையாக அறுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கும், அட்ஜஸ்டரைத் திருகினால் இரண்டு நாள் சரியாகும், மறுபடி தயங்கும். அதுதான் அறிகுறி. அறுந்துவிட்டால் கேபிளின் தலை உள்ளே சிக்கிக்கொள்ளும், இடுக்கியால் ஒவ்வொரு இழையாகப் பிடுங்க வேண்டிவரும். வாரம் நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டுகிறவர் வருடத்துக்கு ஒருமுறை 1.2 மில்லிமீட்டர் உள் கேபிளை மாற்றிவிட வேண்டும். கியரைச் சின்னப் பல்லுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கேபிளின் தலை வெளியே வரும்.

105 ஆர்7000-இல் ரிம்மைப் பிடிக்கும் காலிப்பர் பிரேக்கின் பிடிப்புக்காகவே காசு கொடுக்கலாம். அஞ்செட்டி மலைப்பாதையில் இறங்கும்போது மலிவான பிரேக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் விரலிலேயே தெரியும். 12 ஸ்பீடு ஆர்7100 ஹைட்ராலிக் டிஸ்க் மட்டும்தான். ஆயில் மாற்றத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அல்டெக்ரா, டியூரா-ஏஸ் இரண்டிலும் கூடுதல் பணம் பெரும்பகுதி எடைக் குறைப்புக்கும் மின்னணு கியர் மாற்றத்துக்கும் போகிறது. பந்தயம் ஓட்டாதவருக்கு அது தேவையில்லை.

மேலே போகப் போக செயின் மெலிகிறது, பராமரிப்பும் கூடுகிறது. 8 ஸ்பீடு செயினை 0.75 சதவீதம் நீண்டதும் மாற்றினால் போதும். 11, 12 ஸ்பீடுக்கு 0.5 சதவீதத்திலேயே மாற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் விலை கூடிய கேசட்டும் சேர்ந்து தேயும். 8 ஸ்பீடு செயின் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். 11 ஸ்பீடுக்கு ஓசூரோ பெங்களூரோ போக வேண்டும், இல்லையென்றால் ஆன்லைனில் வரவழைக்க வேண்டும்.

கடையில் "இது 105 வண்டி" என்று சொன்னால் பின் டீரெய்லரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கண்ணில் படும் இடத்தில் 105-ஐ மாட்டிவிட்டு கிராங்க், பிரேக், கேசட், செயினைக் கீழ்நிலையில் போடுவது வழக்கம். ஷிஃப்டரின் உள்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள், பிறகு பிரேக்கைப் பாருங்கள், கேசட்டின் பெரிய பல்லில் பொறித்த எண்ணைப் பாருங்கள். 28 என்றிருந்தால் 34-க்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பெரிய பல்சக்கரத்தைத் தாங்கும் நீண்ட கூண்டு (செயினை இழுத்துப் பிடிக்கும் கை) உள்ள டீரெய்லர்தானா என்பதையும் அப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாற்றினால் பழைய செயினின் நீளம் பத்தாது. புதுச் செயினை டீரெய்லர் வழியாக விடாமல் முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரங்களைச் சுற்றிப் பிடித்து, முனைகள் சேரும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி, அதாவது ஒரு அங்குலம் கூட்டி வெட்டச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், முதல் ஏற்றத்தில் தவறுதலாகப் பெரிது-பெரிது கியருக்குப் போனதும் டீரெய்லர் ஹேங்கரோடு பிய்ந்து கம்பிகளுக்குள் போய்ச் சிக்கும்.