நெல் கிட்டங்கிக்கு ட்ராக் விளக்கா, வாடகை பார் கேனா?

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த செங்கோட்டை வட்டாரத்தில், நாங்கள் நிகழ்ச்சிக் கூடமாக மாற்றிய பழைய நெல் கிட்டங்கியில் ஒரு நாள் நிச்சயதார்த்தமும், மறுநாள் பரதநாட்டிய அரங்கேற்றமும், அடுத்த வாரம் கைத்தறிக் கண்காட்சியும் நடக்கின்றன. மூன்றுக்கும் ஒரே விளக்கமைப்பு வேண்டும். சுண்ணாம்புக் காரைச் சுவரிலோ, தேக்கு உத்திரத்திலோ துளையிடவும் கூடாது.

லைட் செட்காரரை அழைத்து ஸ்டாண்டுகளில் பார் கேன்களை (டப்பா வடிவ மேடை விளக்குகளை) நிறுத்துவதே இங்கே நெடுநாள் வழக்கம். முதலீடு இல்லை, கட்டடத்தை எதுவும் தொடுவதில்லை என்பதால் நானும் முதலில் இதையே ஆதரித்தேன். சென்ற ஆடியில் நடந்த அரங்கேற்றம் என் எண்ணத்தை மாற்றியது. தாழ்வான ஸ்டாண்டிலிருந்து பக்கவாட்டில் பாய்ந்த வெளிச்சத்தில் ஆடிய பெண்ணின் மூக்கு நிழல் ஒரு கன்னத்தை மறைத்துவிட, அபிநயம் நான்காம் வரிசைக்குக்கூட எட்டவில்லை. நடைபாதையில் ஓடிய ஒயரின் மேல் ஒட்டியிருந்த டேப்பும் பாதியிலேயே உரிந்துவிட்டது. ‘பார் 64’ எனப்படும் பழைய 1000 வாட் விளக்குகள் எட்டை ஏற்றினால் 230 வோல்ட்டில் சுமார் 35 ஆம்ப் இழுக்கும். எல்இடி பார் இந்தச் சுமையைக் குறைத்தாலும், சிவப்பு, பச்சை, நீலத்தைக் கலந்து அது தரும் வெள்ளையில் அரக்குப் பட்டு தன் நிறத்தில் தெரிவதில்லை.

மூன்று சர்க்யூட் ட்ராக் வேறு வகை. ஒரே தண்டவாளத்தில் மூன்று தனித்தனி மின்வழிகள் ஓடுகின்றன. விளக்கின் அடாப்டரில் உள்ள சிறு குமிழைத் திருப்பி, அது எந்த வழியில் எரிய வேண்டும் என்று முடிவு செய்யலாம். ஆகவே மேடை, இருக்கை, சுவர் மூன்றையும் தனித்தனியே ஏற்றி இறக்க முடிகிறது. உத்திரத்தைச் சுற்றி ரப்பர் பட்டை வைத்த இரும்புக் கவ்வி மாட்டினால் ஆணியே வேண்டாம். 5 மீட்டர் உயரத்திலிருந்து, ஒளி 24 டிகிரி கோணத்தில் விரியும் விளக்கு தரையில் சுமார் 2 மீட்டர் வட்டத்தையும், 36 டிகிரி விளக்கு 3 மீட்டருக்குச் சற்றே கூடுதலான வட்டத்தையும் தரும். நாட்டியத்துக்கு முன்னதும், கண்காட்சிக்குப் பின்னதும் பொருந்துகின்றன. நிறத்திறன் (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கான சிஆர்ஐ எண்) 90-க்குக் குறையாத, 3000 கெல்வின் (இளமஞ்சள் வெள்ளை) விளக்குகளையே வாங்க வேண்டும். இன்னும் வெளிறிய 4000 கெல்வினில் தேக்கு சாம்பல் பூத்துப்போய், கூடம் ரேஷன் கடைபோல் ஆகிவிடுகிறது.

ஆனால் ட்ராக்குக்கு எங்கள் ஊர்ச் சாரல் ஆகாது. தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று ஓட்டிடுக்கில் நீர்த்துளியை உள்ளே தள்ளும். ட்ராக்கின் செம்புக் கம்பியோ திறந்த காடியில் இருப்பது. தூசு, நீர்த் தடுப்பைக் குறிக்கும் ஐபி தர எண்ணில் சாதாரண ஐபி20 வகைக்கு ஈரத்தடுப்பே கிடையாது. எனவே கூடத்தின் நடு உத்திரங்களில் ட்ராக்கும், சாரல் அடிக்கும் மேற்குக் கோடியில் மட்டும் நீர்த்தாரையையும் தாங்கும் ஐபி65 தரமுள்ள வாடகைப் பார் கேனும் என்று பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை. (மழை விட்ட இரவில் ஈசல் மொய்க்கும்போது சுவர் விளக்குகளை அணைத்துவிடுவது தனிக் கலை.)

கைப்பேசிச் செயலியால் இயங்கும் கம்பியில்லா விளக்குகளை நான் பரிசீலித்ததோடு விட்டுவிட்டேன். செயலி வைத்திருப்பவர் ஊரில் இல்லாத நாளில் கூடம் இருண்டு கிடக்கும். கம்பி வழியே விளக்குகளைக் கட்டுப்படுத்தும் முறைகளில், கட்டட விளக்குகளுக்கான டாலியில் ஒரு கம்பி இணைப்பில் 64 முகவரிகள், மேடை விளக்குகளுக்கான டிஎம்எக்ஸில் 512 சேனல்கள் உண்டு. ஆனால் இங்கே சுவிட்சைப் போடுபவர் காவலர் அண்ணாச்சி. அவருக்கு வேண்டியவை நான்கு பொத்தான்களே. அதனால் ட்ராக்குக்கு டாலி போதும். டிஎம்எக்ஸ் பலகையை லைட் செட்காரர் கொண்டுவரட்டும்.

அவர் வந்து செருக ஒவ்வொரு தூணடியிலும் ஒரு 16 ஆம்ப் சாக்கெட், அதற்குத் தனி எம்சிபி (மின்சுமை மிஞ்சினால் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவில் துண்டிக்கும் சுவிட்ச்) ஆகியவற்றை முதலில் போட்டுவிட வேண்டும். பணம் தட்டினால் ட்ராக்கின் நீளத்தைக் குறைக்கலாம், இதைக் குறைக்கக் கூடாது.