மேக்ஸா, கிராட்டனா: பராமரிப்பை வைத்து எடுத்த முடிவு

பிரஷ்லெஸ் மோட்டார் பொருத்திய ரிமோட் மான்ஸ்டர் டிரக் ஒன்றை வாங்கத் தீர்மானித்து, பலவற்றையும் கழித்துக் கட்டிய பிறகு என் முன்னால் நின்றவை இரண்டு. ஒன்று, டெக்சாஸின் மெக்கின்னி நகரைச் சேர்ந்த டிராக்சாஸ் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட மேக்ஸ். மற்றொன்று, 2014-இல் அறிமுகமாகிப் பல பதிப்புகளாகத் திருத்தப்பட்டு வந்த ஆர்மா நிறுவனத்தின் கிராட்டன் 6எஸ் (ஆறு செல் பேட்டரியில் ஓடுவது என்று பொருள்). முன்னது (உண்மை வண்டியோடு ஒப்பிட்டு) 1/10 அளவு என்றும் பின்னது 1/8 அளவு என்றும் பெட்டியில் அச்சிடப்பட்டிருந்தாலும், மேக்ஸ் தன் வகுப்புக்குப் பெரிய வண்டி என்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. நான் வாங்கியது கிராட்டன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். எந்தக் காரணத்தால் சாய்கிறது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

வேகத்தை விரைவாகக் கடந்துவிடலாம். இரண்டு நிறுவனங்களும் மணிக்கு 60 மைலுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 96 கிலோமீட்டருக்கு மேல் என்றே சொல்கின்றன. மேக்ஸின் 2400 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற அளவு) மோட்டார், 4எஸ், அதாவது நான்கு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் 14.8 வோல்ட்டில் சுமையின்றி நிமிடத்துக்கு ஏறத்தாழ 35,500 சுற்றுகள் சுழலும். கிராட்டனின் 2050 கேவி மோட்டார் 6எஸ் பேட்டரியின் 22.2 வோல்ட்டில் 45,500 சுற்றுகளை எட்டும். இந்த வேறுபாட்டைத் திறந்த மைதானத்தில் கண் உணரும். ஆனால் அந்த வேகத்தை முழுவதுமாகப் பயன்படுத்த இடம் வாய்ப்பது அரிது என்பதால், வேகம் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை.

மேக்ஸின் நற்குணங்களை மனமாரச் சொல்ல வேண்டும். கவிழ்ந்த வண்டியை ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தித் தானாகவே நிமிரச் செய்யும் வசதி அதில் உண்டு. கிராட்டனில் அது இல்லை, ஒவ்வொரு முறையும் நடந்து சென்று திருப்பி வைக்க வேண்டும். மேக்ஸ் உயரமாக நிற்பதால் புல்வெளியிலும் கரடுமுரடான நிலத்திலும் அடிவயிறு தட்டாமல் செல்கிறது. கிராட்டனோ தாழ்ந்து நீண்ட உடலமைப்பு கொண்டது. திருப்பங்களில் நிலையாக நிற்கும், ஆனால் உயர்ந்த புல்லில் திணறும். கிளிப் இல்லாமல் உடற்கூட்டைப் பொருத்தும் ஏற்பாடும் மேக்ஸில் உண்டு. நண்பரின் மேக்ஸைப் பூங்காவில் ஓட்டிப் பார்த்தபோது, முதல் நிமிடத்திலிருந்தே எளிதாகக் கைக்கு வருவது இதுதான் என்று தோன்றியது.

அப்படியிருந்தும் என்னைக் கிராட்டன் பக்கம் இழுத்தது அதன் நடு டிஃபரென்ஷியல், அதாவது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் பல்சக்கர அமைப்பு (சுருக்கமாக டிஃப்). பிரஷ்லெஸ் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே பெரும் முறுக்குவிசையைத் தருவது. பழைய பிரஷ் மோட்டாரைப் போலத் தேய்ந்து தீரும் கார்பன் துண்டுகள் அதில் இல்லை. மோட்டாரில் தேய்வு குறைந்ததும் அந்தச் சுமை முழுவதும் பினியன் (மோட்டார் தண்டிலுள்ள சிறு பல்சக்கரம்), அது சுழற்றும் ஸ்பர் கியர் என்ற பெரிய பல்சக்கரம், டிஃப், சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் என்ற வரிசையில் இறங்குகிறது. பிரஷ்லெஸ் வண்டி வைத்திருப்பவர்கள் பேசும் பழுதுகளில் பெரும்பாலானவை இந்த வரிசையில் ஏதோ ஓரிடத்தில்தான் நிகழ்கின்றன. எனவே அந்த விசையை வண்டி எப்படிப் பங்கிடுகிறது, பங்கிடும் உறுப்பை நாமே திறந்து சரிசெய்ய முடியுமா என்ற இரு கேள்விகளும், வண்டி வாங்கிய பிறகு வரும் செலவையும் நேரத்தையும் நிர்ணயிக்கின்றன.

மேக்ஸில் நடு டிஃபரென்ஷியல் கிடையாது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் செல்லும் தண்டுகள் ஒன்றோடொன்று பூட்டியே சுழல்கின்றன. ஸ்பர் கியருக்கும் தண்டுக்கும் இடையில் ரப்பர் போன்ற மீள்தன்மையுள்ள ஒரு தாங்கு அமைப்பு இருக்கிறது. திடீர் அதிர்வை அது விழுங்குகிறது, அதிகச் சுமையில் வழுக்கிக் கொடுக்கும் பழைய ஸ்லிப்பர் கிளட்சைப் போல அடிக்கடி முறுக்கிச் சரிசெய்ய வேண்டியதும் இல்லை. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது விழுங்குவது கணநேர அதிர்வை மட்டுமே. முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டிய நிலை வந்தால் அதற்கு இடம் கொடுப்பதில்லை. நல்ல பிடிப்புள்ள தார்ச்சாலையில் முழு விசை கொடுத்தால் வண்டி மூக்கைத் தூக்கி நிற்பதும், விசையை விடாமல் குதித்து இறங்கினால் தரையைத் தொடும் சக்கரங்களின் மொத்த உதையும் அச்சு டிஃபிலுள்ள கிரீடப் பல்சக்கரத்துக்கும் ஆக்ஸிலுக்கும் போய்ச் சேர்வதும் இதனால்தான். மேக்ஸ் உரிமையாளர்களில் பலர் அதன் பிளாஸ்டிக் ஆக்ஸில்களை இரும்பு ஆக்ஸில்களாக மாற்றிக்கொள்வதன் பின்னணியும் இதுவே.

கிராட்டனில் முன், நடு, பின் என மூன்று டிஃப்கள் இருக்கின்றன. 1/8 அளவுப் பந்தய பக்கிகளின் (தாழ்ந்த ரிமோட் பந்தய வண்டிகளின்) அமைப்பு அப்படியே இதற்கு வந்திருக்கிறது. நடு டிஃபில் கெட்டியான சிலிக்கோன் ஆயில் நிரப்பப்பட்டிருப்பதால், முழு விசை கொடுக்கும்போது எடை குறைந்து எழும்பப் பார்க்கும் முன் சக்கரங்கள் வேகமாகச் சுழன்று விசையின் ஒரு பகுதியை வெளியேற்றுகின்றன. அந்தக் கணத்தில் முன் டயர்கள் உப்பி விரிவதைக் காணலாம். பின் பல்சக்கரம் எல்லாவற்றையும் தனியாகத் தாங்க வேண்டியதில்லை. அச்சு டிஃப்களுக்கு 10,000 சென்டிஸ்டோக்ஸ், நடு டிஃபுக்கு 100,000 சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) என்பது உரிமையாளர்களிடையே பரவலாக வழங்கும் அளவு. நடுவில் இன்னும் கெட்டியாக்கினால் மூக்கு தூக்கும் ஆட்டம் கூடும், பல்சக்கரங்களின் சுமையும் கூடும். மெல்லியதாக்கினால் வண்டி சாந்தமாகும், ஆனால் முன் டயர்கள் சீக்கிரம் தேயும். ஓட்டும் இடத்துக்கேற்ப இதை நாமே தீர்மானிக்கலாம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

நிலையைச் சோதிப்பதும் எளிது. ஸ்பர் கியரை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு முன் தண்டைச் சுழற்றினால் பின் தண்டு எதிர்த்திசையில் சுழலும். கையில் கெட்டியான எதிர்ப்பு தெரிந்தால் ஆயில் இருக்கிறது, வழுக்கிக்கொண்டு சுழன்றால் கசிந்துவிட்டது. அச்சு டிஃபுக்கும் இதே முறைதான்: தண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். மணல் நெறிபடுவதைப் போன்ற உணர்வு கிடைத்தால் பேரிங்கோ பல்சக்கரமோ போகத் தொடங்கிவிட்டது என்று பொருள். திறந்து துடைத்து, உள்ளே இருக்கும் குறுக்கு ஊசி மூழ்கும் அளவுக்கு ஆயில் ஊற்றி, கேஸ்கெட்டைச் சரியாக உட்காரவைத்து மூடினால் வேலை முடிந்தது. பல்சக்கரங்களுக்கிடையே தளர்வு தெரிந்தால் 0.2 மில்லிமீட்டர் ஷிம் (மெல்லிய உலோக வளையம்) ஒன்றை வைத்து நெருக்கிக்கொள்ளலாம். புதிய வண்டியிலேயே இதைச் செய்துவிட வேண்டும் என்று வாதிடும் அனுபவசாலிகள் உண்டு. நான் ஓட்டும் வேகத்துக்கு அது கட்டாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய தாவல்கள் செய்பவர்கள் என்னைவிடக் கண்டிப்பாக இருப்பது நியாயம்.

கிராட்டனின் குறை அதன் சேசிஸில், அதாவது எல்லாப் பாகங்களையும் தாங்கும் அடித்தளத்தில் இருக்கிறது. 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு உயரத்திலிருந்து மூக்கு முதலாய் விழுந்தால் வளைகிறது என்பது அந்த வண்டியைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் புகார். மேக்ஸின் தொட்டி வடிவப் பிளாஸ்டிக் கலவைச் சேசிஸ் வளைந்து கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. இந்த ஒன்றில் மேக்ஸ் தெளிவாக மேல். வளைந்த தகட்டின் தொல்லை அழகு கெடுவதோடு நிற்பதில்லை: நடுத்தண்டுகள் இறுகி, மோட்டார் கூடுதல் மின்சாரத்தை இழுத்துச் சூடாகும். சேசிஸின் அடியில் நேரான அளவுகோலை வைத்துப் பார்ப்பதும், பினியனைத் தளர்த்திவிட்டு வண்டியைத் தள்ளிப் பார்த்து எங்கேனும் இறுகுகிறதா என்று கவனிப்பதும் பழக்கமாக வேண்டும். மாடிக் கூரை உயரத்துக்குத் தாவ விடுவதே ஒருவரின் விருப்பமானால், நான் மேலே நடு டிஃபைப் பற்றிச் சொன்ன அனைத்தையும் மீறி அவர் மேக்ஸையே எடுக்கலாம். என் ஓட்டம் பெரும்பாலும் மண்தரையிலும் சிறு மேடுகளிலும் என்பதால் இந்தக் குறை எனக்குச் சுமையாகவில்லை.

உதிரிபாகங்களைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் இரண்டுக்கும் தட்டுப்பாடு இல்லை. கிராட்டனுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு: டைஃபன், டாலியன், அவுட்காஸ்ட், நோட்டோரியஸ் ஆகிய 6எஸ் வண்டிகளோடு அது பல பாகங்களைப் பகிர்ந்துகொள்கிறது. இந்த வரிசையில் எந்த வண்டி வைத்திருப்பவரும் மற்றவரிடம் ஒரு டிஃபையோ ஆக்ஸிலையோ இரவல் பெறலாம். உடைந்த வண்டியின் மிச்சமும் வீணாவதில்லை. கிராட்டனின் பினியன் மாட்யூல் 1 என்ற பொதுவான பல் அளவு கொண்டது என்பதால் வேறு தயாரிப்பாளர்களின் பினியன்களும் பொருந்தும்.

நீரில் ஓட்டிய அனுபவம் எனக்கு மிகக் குறைவு. இரண்டின் மின்னணுப் பாகங்களும் நீர் புகாதவை என்றே விற்கப்படுகின்றன. ஆனால் பேரிங்கும் இரும்பு ஆக்ஸிலும் துருப்பிடிப்பதை எந்த உத்தரவாதமும் தடுக்காது. கிராட்டனில் இரும்பு அதிகம் என்பதால், நனைந்த நாளில் அதைக் காற்றடித்து உலர்த்தி எண்ணெயிடும் வேலையும் கூடுதலாகத்தான் இருக்கும்.

கடைசியாக, பேட்டரிச் செலவு. 5,000 மில்லி ஆம்பியர் மணி 4எஸ் பேட்டரி 74 வாட் மணி ஆற்றல் கொண்டது. அதே அளவு 6எஸ் பேட்டரி 111 வாட் மணி. விலையும் அதற்கேற்ப ஏறும். 5 ஆம்பியரில் சார்ஜ் செய்ய மேக்ஸுக்கு ஏறத்தாழ 84 வாட் திறனுள்ள சார்ஜர் போதும், கிராட்டனுக்கு 126 வாட் தேவைப்படும். டிராக்சாஸ் தனக்கென ஒரு பிளக்கை வைத்திருக்கிறது; கிராட்டனின் ஐசி5 பிளக், பரவலாகக் கிடைக்கும் இசி5 பிளக்கோடு பொருந்தும். இங்கே கிராட்டனுக்கு இன்னொரு வழியும் உண்டு: அது 4எஸ் பேட்டரியிலும் ஓடும். அப்போது மோட்டார் 30,300 சுற்றுகளோடு நின்றுவிடும், 6எஸ் விசையைத் தாங்கக் கட்டப்பட்ட பல்சக்கரங்களுக்கு அது எளிய சுமை. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: 6எஸ் வரை தாங்கும் சார்ஜரை முதலில் வாங்குங்கள், 4எஸ் பேட்டரி ஒன்றோடு கிராட்டனை ஓட்டத் தொடங்குங்கள், டிஃபை ஒருமுறை உங்கள் கையாலேயே திறந்து மூடிய பிறகு 6எஸ் பேட்டரிக்குப் பணம் ஒதுக்குங்கள்.